கடல்பசுவுக்கு வரும் காசும் சேரியின் கையெழுத்தும்

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடல் அது. கடல்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம். ஆவுளியா என்று நம் கரைகளில் அழைக்கப்படும் அந்த விலங்கு கடல்புல்லை மேய்ந்து வாழ்கிறது. இறால், நண்டு, மீன் குஞ்சுகளுக்கும் அந்தப் புல்வெளிதான் தொட்டில். இழுவைமடி போட்டு அடியோடு வழிக்கப்படும்போது ஆவுளியாவின் சாப்பாடு மட்டுமல்ல, இடுப்பளவு நீரில் இறங்கி நண்டு தேடுகிறவர்களின் சாப்பாடும் சேர்ந்தே போகிறது. எனவே பாதுகாப்பகம் வேண்டுமா வேண்டாமா என்பது நமக்கு விவாதமே இல்லை. வேண்டும்.

நாம் கேட்பது வேறு. அருகிவரும் உயிரினத்தைக் காப்பாற்ற என்று வரும் பணத்துக்கு யார் விண்ணப்பிக்கிறார்கள்? கீழே கையெழுத்துப் போடுவது யார்?

பணம் பல வழிகளில் வருகிறது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கும்போது வசூலாகும் ஈட்டுத்தொகையான காம்பா நிதியில்தான் 2016 முதல் கடல்பசு மீட்புத் திட்டம் நடந்தது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி நிறுவனங்கள் ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைச் சூழல் பாதுகாப்புக்கும் செலவிடலாம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் நெடுங்காலமாக ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்ற வரம்போடு நடந்துவந்தது. அருகிவரும் உயிரினங்களுக்காகவே 2009இல் தொடங்கப்பட்ட முகமது பின் சயீத் நிதியம் 25,000 டாலர் வரை கொடுக்கிறது. இவற்றில் எதிலும் 'தலித்துகள் விண்ணப்பிக்கக் கூடாது' என்று எழுதியில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. படிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். சி.எஸ்.ஆர். பணம் கேட்டால் 12ஏ, 80ஜி பதிவு, அதற்குமேல் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு. அந்தப் பதிவு கிடைக்க அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். பணம் இல்லாததால் பணம் கேட்கிறவர்களிடம், முதலில் 15 லட்சம் செலவழித்துக் காட்டு என்கிறது சட்டம். முன்பு இதற்கு ஒரு சந்து இருந்தது. பதிவு பெற்ற பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, ஒரு பகுதியைக் கிராமத்துச் சங்கத்துக்கு மாற்றிவிடலாம். 2020 திருத்தம் அதை அடைத்துவிட்டது. இனி பெரிய அமைப்பு உங்கள் சங்கத்துக்குப் பணம் தர முடியாது, உங்கள் ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் செயலாளராக இருந்த பெண் அவர்களுடைய களப்பணியாளர் ஆகிறார். இதை வெறும் கணக்கு விதி என்று நம்மால் கடந்துபோக முடியவில்லை.

(மாணவர்கள் குறித்துக்கொள்ள ஒன்று: ஐ.நா. சபையும் அதன் சிறப்பு முகமைகளும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டு மூலம் ஆகாது. அந்த வழியில் வரும் மானிய அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.)

படிவத்தின் அடுத்த தடை ஒரு சொல். 'சமூகம்'. உள்ளூர்ச் சமூகத்தின் பங்கேற்பு எப்படி உறுதி செய்யப்படும் என்று கேட்காத மானியப் படிவத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. நல்ல கேள்விதான். ஆனால் எந்தச் சமூகம்?

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். அந்த உப்பங்கழி ஏரியின் பாடு முறையைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மீன் வளமான இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, யார் எப்போது எங்கே வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அரசு தலையிடாமல் மக்களே வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்று அதற்குப் பாராட்டும் உண்டு. அந்த முறைக்குள் வர வேண்டுமானால் பாடு உரிமையுள்ள ஊரில் பட்டினவர் சாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரியை நம்பி வாழும் தலித் குடும்பங்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் குலுக்கலில் சீட்டு கிடையாது. இப்போது ஒரு மானியம் வந்து 'மரபான சமூக மேலாண்மையை வலுப்படுத்துவோம்' என்றால் அது எதை வலுப்படுத்தும்? வளத்தைக் காப்பாற்றும் வேலியையும் சாதி வேலியையும் ஒரே கம்பியில் கட்டியிருக்கிறார்கள். கம்பியைப் பிரித்துப் பார்க்காமல் பணம் போடுகிறவர்கள் இரண்டுக்கும்தான் போடுகிறார்கள்.

பாடு உள்ளவர்கள் நம் எதிரிகள் இல்லை. எண்ணூர்ப் பக்கத்து அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் அவர்கள் வயிற்றிலும்தான் அடிக்கின்றன. ஏழைக்கும் ஏழைக்கும் நடுவில் சாதி நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒற்றுமை வந்துவிடாது, அவ்வளவுதான்.

இதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்கள் படகையும் வலையையும் கணக்கெடுத்தன. படகில் கூலிக்குப் போனவர்கள், மீன் சுமந்தவர்கள், கருவாடு போட்டவர்கள், உப்பளத்தில் நின்றவர்கள் 'மீனவர்' என்ற சொல்லுக்குள் வரவில்லை. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். மனித உரிமை அமைப்புகள் இதை அப்போதே பதிவு செய்தன. இன்றைய பாதுகாப்புத் திட்டங்களில் வரும் 'பாதிக்கப்படும் மீனவர்' பட்டியலும் படகு எண்ணிலிருந்தே தொடங்கினால் அதே ஆட்கள்தான் மறுபடியும் விடுபடுவார்கள்.

எங்கள் அனுபவம் ஒன்று. ஒரு கண்மாயின் மீன் வளத்தையும் பறவைகளையும் காக்க ஒரு சேரிப் பெண்கள் குழு விண்ணப்பித்தது. மீன் பாசிக் குத்தகை யார் கையில் இருக்கிறது, சேரித் தெருவுக்கு ஏன் அதில் பங்கில்லை என்று அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொடுத்தோம். நிதி கொடுக்கும் இடத்திலிருந்து வந்த ஆலோசகர் படித்துவிட்டு, "சாதியை எடுத்துடுங்க, நலிவுற்ற பிரிவினர்னு போட்டுக்கலாம். இது சூழல் திட்டம்தானே?" என்றார். குழுவில் மூத்தவர் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "எடுத்துட்டா, குத்தகை எங்களுக்கு ஏன் கிடைக்கலன்னு எந்தக் கட்டத்துல எழுதுறது தம்பி?" ஆலோசகரிடம் அதற்குக் கட்டம் இல்லை. நாங்கள் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை.

அந்தப் படிவத்தில் எங்களை அதிகம் உறுத்திய பகுதி இணை நிதி. பெரும்பாலான சிறு மானியங்கள் உள்ளூர்ப் பங்களிப்பைக் கேட்கின்றன. பணமாக முடியாவிட்டால் உழைப்பாகக் கொடுக்கலாம் என்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சலுகை. நம் தாத்தாக்களுக்கு இதற்குப் பெயர் தெரியும். ஏரி மடையைத் திறந்து மூட, கரை உடைப்பை அடைக்க, நீர் பாய்ச்ச, செத்த மாட்டை அப்புறப்படுத்த ஊர் கேட்ட கூலியில்லா உழைப்புக்கு வெட்டி வேலை என்று பெயர். தமிழ்நாட்டின் எத்தனையோ ஏரிகளில் நீர்க்கட்டிகளாக நின்றவர்கள் தலித்துகள். எந்த மதகு எப்போது கசியும், எந்த மாதம் எந்த மீன் ஏறும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வரும் ஆய்வாளருக்கு நாள் சம்பளம், சொல்கிறவருக்குத் தேநீர். ஆகவே வரவு செலவுத் திட்டம் எழுதும்போது சேரியின் உழைப்பை 'பங்களிப்பு' கட்டத்தில் போடாதீர்கள். கூலிக் கட்டத்தில் போடுங்கள். பங்களிப்பு கேட்டால் குத்தகைப் பணம் எடுக்கிறவர்களிடமும் ஊராட்சியிடமும் கேட்கலாம்.

இனி குழுக்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 36-ஏ பிரிவு பாதுகாப்பகங்களை அறிவிக்க வழி செய்கிறது. 36-பி அதற்கான மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது. வனத்துறையிலிருந்து ஒருவர், எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, வன உயிரினப் பாதுகாப்பில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு மூன்று இடம், வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் ஒவ்வொன்று. கடலில் அமையும் பாதுகாப்பகத்துக்கும் சட்டம் சொல்லும் அமைப்பு இதுதான். கால்நடைத் துறைக்கு இடம் உண்டு, கடல் தொழிலாளிக்கு இல்லை. எஸ்.சி., எஸ்.டி. என்ற சொல்லே இல்லை.

பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கதை கொஞ்சம் வேறு. 2004ஆம் ஆண்டு விதிகள் தலைவர் தவிர ஆறு பேர் வரை நியமிக்கச் சொல்லி, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் எஸ்.சி., எஸ்.டி. என்று வைத்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறில் ஒருவர் என்றால் 16.66 விழுக்காடுதான், ஆக இரண்டு பேர் வேண்டும். 2023 சட்டத் திருத்தம் உறுப்பினர் எண்ணிக்கையை 7 முதல் 11 வரை என்று வைத்து, யார் யார் என்பதை மாநில அரசு விதிகளிடம் விட்டிருக்கிறது. மாநில விதியில் அந்த 18 விழுக்காடு குறையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான். உங்கள் ஊராட்சியின் குழு உறுப்பினர் பட்டியலையும் கூட்டத் தீர்மானங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பட்டியலில் பெயர் இருப்பவரை நேரில் போய்ப் பார்த்து, கூட்டத்துக்கு அழைத்தார்களா என்றும் கேளுங்கள்.

சமூகவியல், கடலியல், விலங்கியல் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று ஒவ்வொரு கரையோர மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு சங்கத்துக்கு ஒரு மாதம் கொடுத்தால் போதும், முதல் விண்ணப்பம் தயாராகிவிடும். அதற்கு முன்பு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், பான் எண் வாங்குங்கள், ஐயாயிரம் ரூபாய்க் கணக்கானாலும் ஆண்டுதோறும் தணிக்கை செய்து வையுங்கள். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஒரே இரவில் தயாராகாது. இன்று தொடங்கினால் மூன்றாவது ஆண்டில் கையில் இருக்கும். பெரிய அமைப்பு ஒன்று கூட்டாளியாக வரச் சொன்னால் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். திட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற சம்பளப் பதவிக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டப்படிப்பு கட்டாயம் என்று அங்கே எழுதியிருந்தால், 'அல்லது அந்த நீர்நிலையில் பத்து ஆண்டுத் தொழில் அனுபவம்' என்று சேர்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.