பதவி மட்டும் போதுமா?

நன்றாக வேலை பார்த்தவரை மேனேஜர் ஆக்குகிறோம். மறுநாள் முதல் பத்துப் பேர் அவரிடம் லீவு கேட்கிறார்கள், தங்களுக்குள் போட்ட சண்டையைக் கொண்டுவருகிறார்கள், அப்ரைசலில் ஏன் குறைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். இவற்றை எப்படிக் கையாள்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஓசூர் தொழிற்சாலையானாலும் ஓஎம்ஆர் ஐடி நிறுவனமானாலும் பெரும்பாலும் இதுதான் கதை.

திணறுகிறவர் தனக்குத் தெரிந்த பழைய வேலைக்குள்ளேயே புகுந்துகொள்கிறார். டீம் செய்ய வேண்டியதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து தானே முடிக்கிறார். மேலிடம் அதைக் கடும் உழைப்பென்று மெச்சுகிறது. அவரும் வளர்வதில்லை, அவருக்குக் கீழே இருப்பவர்களும் வளர்வதில்லை.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களை வழிநடத்திய சூப்பர்வைசர்களிலும் பலர் புதியவர்கள். 1940-ல் அரசு தொடங்கிய ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ திட்டம் அவர்களுக்கு மூன்று பயிற்சிகளை வகுத்தது: வேலையைக் கற்றுக்கொடுப்பது, ஆட்களோடு இணக்கமாக நடப்பது, செய்முறையைச் சீராக்குவது. ஒவ்வொன்றும் 10 மணி நேரம்தான். ஆனால் பாடம் கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. தன் பணியிடத்தில் இருக்கும் நிஜச் சிக்கலைக் கொண்டுவந்து மற்றவர்கள் முன்னால் அலசியாக வேண்டும். தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர் மேல்தான் பிழை என்பது அங்கே அடிப்படைப் பாடம். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போனது. 1950-களில் டொயோட்டா இதைத் தனதாக்கிக்கொண்டது.

கூகுள் 2008-ல் தன் மேனேஜர்களை ஆராயத் தொடங்கியபோது, நல்ல மேனேஜரின் எட்டுக் குணங்களில் முதலிடம் நல்ல பயிற்சியாளராக இருப்பதற்கே கிடைத்தது. தொழில்நுட்ப அறிவு கடைசியில் வந்தது. நாமோ அந்தக் கடைசிக் குணத்தை மட்டும் பார்த்துப் பதவி தருகிறோம்.

இரண்டு நாள் ஹோட்டல் வகுப்பு மட்டும் இதைச் சரிசெய்யாது என்பது என் உறுதியான எண்ணம். வாரம் அரை மணி நேரம் மூத்தவர் ஒருவர் புது மேனேஜரோடு தனியாக உட்கார வேண்டும். “சார், இதுக்கு என்ன பண்றது?” என்று அவர் கேட்டால் உடனே விடை சொல்லிவிடக் கூடாது. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அனுபவசாலிகளுக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். விடை நாக்கு நுனியில் நிற்கும். அவர் எடுக்கும் முடிவு சற்றுக் கோணலாக இருந்தாலும், பெரிய சேதம் இல்லையென்றால் நடக்க விடுங்கள். அவருடைய டீம் முன்னால் அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். பேச வேண்டியதைத் தனியே பேசலாம்.

உங்களுக்குக் கீழே இந்த ஆண்டு யாராவது மேனேஜர் ஆகியிருந்தால், அவருக்கான அந்த அரை மணி நேரத்தை இந்த வாரமே ஒதுக்குங்கள்.