கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயர்

ஜூலையில் இரண்டு மழை பெய்தால் போதும். ஹைதராபாத் மௌலா அலியில், குன்றின் அடிவாரத்திலும் ரயில் பாதையை ஒட்டிய புல்தரையிலும் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். புளிய இலைபோல் சின்னஞ்சிறு இலைகள். ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள்; பெயர்க் காரணம் அதுதான். தெலுங்குக்காரர்களுக்கு இது நேல உசிரி, இந்திக்காரர்களுக்கு பூயி ஆம்லா. எல்லோருக்கும் தரையோடு ஒட்டிய நெல்லிதான்.

இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் சென்ற மழைக்காலத்தில் பத்து வயதுப் பேரனுக்குக் காமாலை வந்தது. பாட்டி தயங்கவில்லை. செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, சிறு எலுமிச்சை அளவு உருட்டி, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். ஐந்து நாள் வைத்தியம். எண்ணெய், புளி கிட்டே வரக்கூடாது, உப்பும் பாதிதான். மூன்றாவது வாரம் பையனின் கண் தெளிந்தது. பச்சிலைச் சாறுக்காக ஊர் ஊராக அலைகிற பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள்கூட இப்போது பாட்டியிடம்தான் கேட்கிறார்.

"ஏம்ப்பா, மருந்து கேட்டுதா இல்லியா?" என்றார் பாட்டி என்னிடம். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

மழைக்காலக் காமாலை பெரும்பாலும் குடிநீரில் சாக்கடை கலப்பதால் பரவும் ஏ அல்லது ஈ வகை வைரஸின் வேலை. மோர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அநேகம் பேருக்கு அது சில வாரங்களில் தானே இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் யார் கையில் மருந்து இருந்ததோ, அவருக்குப் பெயர். (கர்ப்பிணிகள் விஷயம் வேறு. ஈ வகை அவர்கள் உயிருக்கே உலை வைக்கும். அங்கே பச்சிலையை நம்பி ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது.)

பி வகை இன்னும் பொல்லாதது. ரத்தத்தின் மூலமும், தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயிலும் கொண்டுவிடும். கீழாநெல்லிக்கு உலகப் புகழ் கிடைத்தது இந்த வைரஸால்தான். 1988ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவின் ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் ஆய்வில் பங்காளி. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. வெறும் கேப்ஸ்யூல் விழுங்கிய 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி.

தமிழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள நியாயமிருந்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி விளைந்த மண் வேறு, இனம் வேறு என்று விளக்கம் சொன்னார்கள். ஒன்றுபோலவே தோன்றும் பல இனங்கள் இருப்பது உண்மையே. ஆனாலும் 2011ல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசியபோது, வெறும் மாத்திரையைவிட இது மேல் என்பதற்கு உறுதியான சான்று தேறவில்லை. இதில் சென்னை ஆய்வாளர்களுக்குத் தலைகுனிவு இல்லை என்பேன். பாட்டி வைத்தியத்தைப் புகழ்ந்து மேடையில் பேசியவர்கள் ஆயிரம் பேர். எண்ணிப் பார்த்தவர்கள் சிலர்தான்.

பி வைரஸுக்கு நிச்சயமான தடுப்பு ஊசிதான். மரபணுத் தொழில்நுட்பத்தில் இந்தியாவிலேயே தயாரான முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 1997ல் கொண்டுவந்தது இதே ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ். இன்று அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கே போடுகிறார்கள். ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு வைரஸை அடக்கிவைக்க மாத்திரைகள் உண்டு. யாருக்கு, எப்போது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும்.

பாட்டியின் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். ரத்ததானம் செய்யப் போனபோது பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. இரண்டு வருடமாகக் கீழாநெல்லிதான் குடிக்கிறார். டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு" என்கிறார். கண்ணை மஞ்சளாக்காமலே அது கல்லீரலைத் தின்னும் என்று பாட்டியிடம் சொன்னேன். மறுநாள் அவர் செடி கேட்டு வந்தபோது பாட்டி தரவில்லையாம். முதலில் ரத்தம் பார்த்த சீட்டைக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டாராம்.