கம்பத்துக்குக் கார்பன், பொருத்துவதற்குப் பேரமா?

ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் குளச்சல் பக்கம். வளைகுடாவில் வெயில் தணிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பேச்சுக்குச் சொல்லவில்லை, படகின் கூரைக்குக் கீழே அண்ணாந்து நின்று செய்கிற வேலை அது. மயில்மீன் பருவம் தொடங்குகிற நேரம். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற படகுக்காரர்கள் அவுட்ரிக்கர் மாட்டித் தரச் சொல்லி வரிசைகட்டி வருவார்கள். படகின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த நீளக் கம்பங்கள்தான்.

வருகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அடி கம்பம் போடலாம்?" அடுத்து, "கார்பனா, அலுமினியமா?" மூன்றாவதாக, "பொருத்துகிற கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள்?" அந்தக் கம்பம் எதன் மேல் உட்காரப் போகிறது, கீழே என்ன இருக்கிறது என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். முதல் இரண்டு கேள்விகள் நியாயமானவை. என் சண்டை மூன்றாவது கேள்வியோடு.

கம்பம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற படகின் பின்னால் நான்கைந்து தூண்டில் நரம்புகளில் இரையைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதை டிரோலிங் என்கிறோம். எல்லா நரம்பும் படகின் பின்பக்கத்திலிருந்தே போனால், படகு திரும்புகிறபோது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இரையும் எஞ்சின் கிளப்புகிற வெள்ளை நுரைக்குள்ளேயே கிடக்கும். இரண்டு பக்கமும் கம்பத்தை நீட்டி, அதில் ஓடும் கயிற்றில் ஒரு கிளிப்பை ஏற்றி, நரம்பை அதில் கவ்வ வைத்தால் இரை நுரைக்கு வெளியே தெளிந்த நீருக்குப் போகிறது. நரம்பு உயரத்திலிருந்து இறங்குவதால் இரை முங்காமல் மேல்மட்டத்திலேயே துள்ளித் துள்ளி வரும்.

இன்னொரு காரியமும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். மயில்மீன் இரையைக் கண்டதும் விழுங்கிவிடாது. நீண்ட மூக்கால் முதலில் ஒரு அடி போடும். அடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். கம்பத்து நுனிக்கும் தூண்டில் கம்புக்கும் நடுவே இருந்த நரம்பு தொய்ந்து தண்ணீரில் விழும். அந்தத் தொய்வு நீளுகிற சில நொடிகள் இரை அடிபட்டு மயங்கியதுபோல நின்ற இடத்தில் கிடக்கும். மீன் திரும்பி வந்து வாயில் வாங்கும். கிளிப்பை இறுக்கி வைத்தால் மீன் இழுத்தும் விடாது. தளர்த்தி வைத்தால் அலை தட்டினாலே விட்டுவிடும். இங்கே பிடிக்கிற மயில்மீன் பெரும்பாலும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கடலில் விடுவதற்குத்தான். மீனைத் தின்னாமல் விடுவதற்கு இவ்வளவு செலவா என்று என் அம்மா இன்றைக்கும் கேட்பார். பதில் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. மயாமி கேப்டன் டாமி கிஃபோர்டின் பெயரை இதன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் வாங்கிய 38 அடிப் படகு 'பிலார்' அவுட்ரிக்கர் நீட்டிக்கொண்டுதான் மார்லின் மீனைத் தேடிப் போனது. நாங்கள் மாட்டுகிற ரப், டாக்கோ, லீஸ் கம்பங்கள் எல்லாமே அமெரிக்கச் சரக்கு. எங்கள் பக்கத்து வள்ளங்களில் சூரைக்கு நரம்பு இழுக்க மூங்கிலை இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துளைகூட இருக்காது. வங்கோடு வங்காகக் கயிறு சுற்றிக் கட்டுவார்கள். பாரம் படகு முழுக்கப் பரவிவிடும். ஒரு கையகலத் தட்டில் நான்கு போல்ட்டில் மொத்தப் பாரத்தையும் நிறுத்துகிற இன்றைய வேலையைச் செய்கிறபோது அந்தக் கயிற்றுக்காரர்களை நினைத்துக்கொள்வேன்.

நீளத்துக்கு வருகிறேன். 20 அடிக்குள் இருக்கிற படகு என்றால் அவுட்ரிக்கரே வேண்டாம் என்பேன். வெளிப்பக்கம் சாய்ந்த நல்ல ராட் ஹோல்டர் இரண்டு போதும். அதைச் சொன்னால் முதலாளி என்னை முறைப்பார். 22 அடியிலிருந்து 30 அடி வரை உள்ள சென்டர் கன்சோல் படகுகளுக்கு ஒன்றுக்குள் ஒன்று சொருகி நீளுகிற டெலஸ்கோப் கம்பம், 15 அடி அல்லது 18 அடி. கூரைக்கு அடியில் நின்றபடியே கைப்பிடியைத் திருப்பி வெளியே தள்ளுகிற வகை நல்லது. ஆடுகிற படகில் விளிம்பில் ஏறி நின்று கம்பத்தை இழுக்கிற வேலை மிச்சம். 40 அடிக்கு மேற்பட்ட பெரிய படகுகளின் கதை வேறு. அவற்றில் 30 அடியையும் தாண்டிய கம்பம், நடுவே குறுக்குச் சட்டம், இழுத்துக் கட்டிய கம்பி எல்லாம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து 24 அடிப் படகுக்கு அதேபோல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். படகு ஒரு பக்கம் உருளும்போது கம்பத்து நுனி தண்ணீரில் குத்தும் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

கார்பன் நல்ல பொருள்தான். எடை குறைவு, எளிதில் வளையாது. நரம்பு இழுத்தாலும் நுனி தொங்காமல் நிற்கும். ஆனால் படகுத்துறைத் தூணில் ஒரு இடி இடித்தால் அலுமினியம் வளைந்து நிற்கும், கார்பன் முறிந்துவிடும். உப்புக் காற்றில் கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அலுமினியத்தை அரிப்பு தின்றுவிடும். ஸ்டீல் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் அதே பகை. நடுவே தடுப்புப் பசை தடவாமல் மாட்டினால் இரண்டாவது வருஷம் வெள்ளைப் பொடியாக உதிரும். அலுமினிய டெலஸ்கோப் கம்பத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட்டால் உப்பு உறைந்து ஒரு துண்டும் உள்ளே போகாது. அதைக் கழற்ற எங்களிடம்தான் வருவார்கள்.

இனி பொருத்துவது. கம்பம் உட்காரப் போவது கூரையின் மேல். இன்றைய படகுகளின் ஃபைபர் கூரை முழுக்க ஃபைபர் கிடையாது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே நுரைப் பலகை அல்லது பால்சா என்கிற மெல்லிய மரம். எடையைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். அதில் சும்மா துளை போட்டு போல்ட்டை முறுக்கினால் நடுவிலுள்ளது நசுங்கும். இன்றைக்கு முறுக்கிய நட்டு நாளைக்குத் தளர்ந்திருக்கும். துளை வழியாக இறங்குகிற தண்ணீர் பால்சாவை மெல்ல மெல்லச் சக்கையாக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் முதலில் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கூரையைத் தட்டுவேன். நல்ல இடம் 'டக்' என்று திருப்பிச் சொல்லும். ஊறிய இடம் 'தொப்' என்னும். துளை போடும்போது தூளைப் பார்ப்பேன். நுரை என்றால் உலர்ந்த பொடி, நல்ல பால்சா என்றால் வெளுத்த மரத்தூள். பழுப்பாகச் சகதி வந்தால் டிரில்லை நிறுத்திவிட்டு உரிமையாளருக்குப் போன் போடவேண்டும். ஜெல்கோட் என்கிற மேல்பூச்சில் டிரில் பிட்டை முதலில் எதிர்ச்சுற்றில் ஓட்டி அந்தப் பூச்சை மட்டும் எடுத்து, துளை விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வெடிப்பு ஓடும். போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்து, உள்ளே இருக்கிற நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்சியை நிரப்ப வேண்டும். இங்கே அடிக்கிற வெயிலுக்கு மொத்தமாக ஊற்றினால் எபாக்சி கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இறுகியபின் அதன் நடுவே மறுபடி துளை. கீழே ஜி-10 பலகை அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அதன்மேல் அகல வாஷர், பிறகு நட்டு. கூரைக்கு மேலே, கம்பத்தின் அடித்தட்டுக்குக் கீழே சிக்காஃப்ளெக்ஸ் பசை தடவ வேண்டும். த்ரீஎம் 5200 வேண்டாம். அது ஒட்டினால் ஒட்டியதுதான்; அவுட்ரிக்கரை என்றைக்காவது கழற்றத்தானே வேண்டும்?

இந்தத் தகடும் எபாக்சியும் இல்லாமல் முடியாதா என்று கேட்பவர்களுக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 15 அடிக் கம்பம், ஏறக்குறைய நாலரை மீட்டர். நுனியில் வெறும் 5 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் ஒரு வரிசை போல்ட்டுக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு வரிசையைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிற விசை 225 கிலோ. இது படகு அமைதியாக ஓடும்போது. வளைகுடாவின் சராசரி ஆழமே 35 மீட்டர் அளவுதான். ஷமால் காற்று கிளம்பினால் அலை குட்டையாக, செங்குத்தாக, விட்டுவிடாமல் வரும். மடக்கி வைத்த கம்பமும் ஒவ்வொரு அடிக்கும் அடித்தட்டைப் பிடித்து உலுக்கும்.

போன பருவத்தில் ஒரு படகு வந்தது. விலையுயர்ந்த கார்பன் கம்பம், பளபளவென்று அடித்தட்டு. வேறொரு பட்டறையில் மாட்டியது. கூரையின் உள்மூடியைக் கழற்றிப் பார்த்தால் தகடு இல்லை, வாஷர் இல்லை. இரண்டு போல்ட்டுக்கு நட்டே இல்லை. அந்த இடத்தில் ஸ்க்ரூவை மேல்தோலில் முறுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு மோசமான காற்றில் வலப்பக்க அடித்தட்டு ஃபைபரோடு பிய்ந்து, கம்பம் சாய்ந்து, ஆன்டெனாவையும் முறித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. கீழே ஆள் இல்லாதது அவர்கள் நல்ல நேரம். உரிமையாளர் கம்பத்தைச் செய்த கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். கம்பத்தில் ஒரு குறையும் இல்லை. பழைய துளைகளை அடைத்து, ஊறியதை வெட்டி எடுத்து, புதிதாக லேமினேட் போட்டு மாட்டியதற்கு, முதலில் ஒழுங்காக மாட்டியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய கூலியைப்போல் பல மடங்கு ஆனது.

அப்படி மாட்டிய பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பட்டறைகளில் கூரைக்கு அடியில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், மலையாளிகள், வங்காளதேசத்துப் பையன்கள். கூலியைப் பாதியாகக் குறைத்து வேலையைப் பிடித்து வருகிறவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். குறைந்த காசு எங்கே போய் விழும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். கம்பத்தில் குறைக்க முடியாது, பெட்டியில் பெயர் இருக்கிறது. எபாக்சி இறுகுகிற ஒரு ராத்திரியில் குறைக்கலாம். தகட்டில் குறைக்கலாம். ஒத்திகையில் குறைக்கலாம். துளைக்கு முன்னால் இரண்டு பேர் கம்பத்தைப் பிடித்து நீட்டி மடக்கி, ரேடாரில் இடிக்கிறதா, ஆன்டெனாவை உரசுகிறதா, கைப்பிடி எட்டுகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கத்தையும் கூரை ஓரத்திலிருந்து அளக்காமல் படகின் நடுக்கோட்டிலிருந்து அளந்து குறிக்க அரை நாள் போகும். முடிந்தவரை கூரையைத் தாங்குகிற குழாய்ச் சட்டத்துக்கு மேலேயே தட்டு உட்காரும்படி இடம் தேடுவதும் அந்த அரை நாளில்தான்.

அவசரம் இன்னொரு வினை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். அந்த மாதங்களில் பட்டறை நிதானமாக ஓடும். படகும் சும்மா கிடக்கும். அப்போது கொண்டுவந்து விட்டால் நிதானமாகச் செய்யலாம். அக்டோபரில் வந்து வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றால் எபாக்சி யார் பேச்சைக் கேட்கும்?

அந்தமானிலும் இப்போது இந்த மாதிரி மீன்பிடிப் படகுகள் ஓடுகின்றன. நம் ஊர் ஃபைபர் பட்டறைகளுக்கும் இந்த வேலை வரும். யார் மாட்டக் கொடுத்தாலும் கம்பத்தின் விலை ஒரு வரியாகவும், பொருத்துகிற கூலி தனி வரியாகவும், தகடும் எபாக்சி நிரப்பலும் எழுத்தில் இருக்கும்படியும் விலைச்சீட்டு கேளுங்கள். அந்த இரண்டாவது வரியில் பேரம் வேண்டாம்; கம்பத்தில் மூன்றடி குறைத்துக்கொண்டால் அந்தக் காசு தானாக வந்துவிடும். கூரையின் உள்மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன் தகடும் நட்டும் தெரியும்படி போனில் நாலு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் கேட்காமலே அனுப்புகிறோம். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கக் கொண்டுவாருங்கள். அதற்கு எங்கள் முதலாளி காசு வாங்குவதில்லை, இதுவரைக்கும்.