சங்கச் சுற்றுலா இனி ரயிலில் போகட்டும்

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று இத்தாலியின் பழம்பெரும் நகரங்களை ரயிலிலேயே சுற்றிக் காட்டுவதாகச் சுற்றுலா நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. வசதியுள்ள வணிகர்கள் தாராளமாகப் போய் வரட்டும். ஆனால் பத்து நாள் கடையைப் பூட்ட நம்மில் எத்தனை மளிகைக் கடைக்காரரால் முடியும்? அதற்காகக் கல்லாவிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டும் என்பதில்லை. வெனிஸ் வியாபாரிகளே தேடி வந்த நகரம் ஒன்று நமக்கு ஓர் இரவுப் பயணத்தில் இருக்கிறது. அதுதான் விஜயநகரம், இன்றைய ஹம்பி.

சங்கங்களின் வருடாந்திரச் சுற்றுலா எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததே. ஒரு பஸ், இரண்டு நாள், ஒன்பது ஊர். எதையும் நின்று பார்க்க நேரமில்லை. வீடியோ சத்தத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசவும் வழியில்லை. வயதானவர்களும் பெண்களும் படும் சிரமம் சொல்லி மாளாது. ரயிலில் காலை நீட்டிப் படுக்கலாம், கழிப்பறை உண்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசலாம்.

நாம் முன்வைக்கும் பயணம் இதுதான். பர்கூரிலிருந்து பஸ்ஸில் பெங்களூர் போய், இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹோஸ்பேட். ஹம்பியைப் பார்த்த பின் கதக் வழியாக பாதாமி. நரசிம்மவர்ம பல்லவன் 642இல் வென்ற வாதாபி அதுதான். அங்கிருந்து அதே தடத்தில் பீஜப்பூர், இன்றைய விஜயபுரா. 1656இல் முடிந்த கோல்கும்பஸ் அங்கே இருக்கிறது. பிறகு ரயிலிலேயே பெங்களூர் திரும்பலாம்.

ஹம்பியில் வணிகர் பார்க்க வேண்டியது கோயில்களை மட்டுமல்ல, கோயில்களுக்கு முன்னே நீண்டு கிடக்கும் கடைவீதிகளை. விட்டலர் கோயில் கடைவீதி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெனிஸ்காரர் நிக்கோலோ கோண்டி இந்த நகருக்கு வந்து போனார். 1565 போரில் பீஜப்பூர் உள்ளிட்ட சுல்தான்களின் படைகள் நகரை அழித்தன. இரண்டு ஆண்டு கழித்து, 1567இல், சீசர் பிரெடெரிக் என்ற இன்னொரு வெனிஸ் வியாபாரி வந்தார். வீடுகள் நிற்கின்றன, ஆட்கள் இல்லை என்று எழுதி வைத்தார். ஒரு மாதத்தில் முடியும் வேலைக்காக வந்தவர், வழியில் திருடர் பயத்தால் ஏழு மாதம் அங்கேயே தங்க நேர்ந்தது. வழி கெட்டால் வியாபாரம் என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வென்ற பீஜப்பூரும் 1686இல் அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். பின்னாளில் விஜயநகர அரசர்களின் பெனுகொண்டா கோட்டையைக் காத்துக் கொடுத்த ஜெகதேவராயருக்குப் பரிசாகக் கிடைத்ததே நமது பாராமகால் சீமை. அவர் பெயரைத் தாங்கிய ஜெகதேவி நம் பர்கூரை அடுத்த ஊர்தானே!

ஹம்பியில் இன்னொரு பாடமும் உண்டு. விருபாட்சர் கோயில் முன்புள்ள பழைய கல் மண்டபங்களில் எளிய வியாபாரிகள் கடையும் குடியுமாக இருந்தார்கள். 2011 ஜூலையில் அவை அப்புறப்படுத்தப்பட்டன. பழஞ்சின்னத்தைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் கையில் உரிமைப் பத்திரம் இல்லாதவர் கதி என்ன என்பதை ஒவ்வொரு சிறு வணிகரும் அங்கே நின்று யோசிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் கடை நடத்துவோர் நம் கடைவீதியிலும் இல்லாமல் இல்லை.

நெடுஞ்சாலையை நம்பி வளர்ந்தது நம் பர்கூர் ஜவுளிச் சந்தை. சாலை மாறலாம், சூப்பர் மார்க்கெட் வரலாம், வீட்டு வாசலிலேயே சரக்கு இறக்குபவர்கள் வந்தும் விட்டார்கள். கட்டடம் கடையைக் காப்பாற்றாது. நாணயமும், தேடி வரும் வாடிக்கையாளரும், கடைக்காரர்களின் ஒற்றுமையுமே காப்பாற்றும். மொத்த வியாபாரியும் சில்லரை வியாபாரியும் பாக்கி கேட்கும்போது மட்டும் சந்தித்துக்கொண்டால் ஒற்றுமை எங்கிருந்து வரும்? ஓர் இரவு ஒரே பெட்டியில் பயணம் செய்தால் மனத்தாங்கல் பாதி தீரும்.

செய்ய வேண்டியவை சில. எல்லோரும் ஒரே நேரத்தில் கடையை மூடினால் வாடிக்கையாளர் தவிப்பார். ஆகவே இரண்டு அணியாகப் போகலாம். மாதந்தோறும் சிறு தொகை சங்கத்தில் கட்டி வந்தால் செலவு சுமையாகாது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. அன்றே பதிவு செய்ய வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மனைவி மக்களை அவசியம் அழைத்து வர வேண்டும். கடைக்கு வர மறுக்கும் பிள்ளைகளுக்கு, வணிகம் ஒரு நகரத்தையே உண்டாக்கும் என்பதைக் கண்ணால் காட்ட இது நல்ல சந்தர்ப்பம்.

மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். ரயிலில் போய்ப் பழகிய வணிகர் கேட்டால் அந்தக் குரலுக்கு வலு கூடும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.