அத்திப்பள்ளியைத் தாண்டும் பில்

ஓசூரில் இருந்தபடியே சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்கலாம் என்று நினைப்பவர்களைத் தயங்கவைப்பது டிசைன் அல்ல, அத்திப்பள்ளி எல்லை. வாடிக்கையாளர்களில் பலர் அதற்கு அப்பால், கர்நாடகத்தின் பொம்மசந்திரா, ஜிகனி பக்கம் இருப்பார்கள். வேறு மாநிலத்துக்கு பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி எடுக்கவேண்டும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள்.

சொன்னவர் பெரும்பாலும் சரக்கு விற்பவராக இருப்பார். மாநிலம் கடந்து பொருள் விற்பவருக்குத்தான் அந்தக் கட்டாயம். சேவை செய்பவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பெங்களூரு கம்பெனிக்கும் பதிவில்லாமலே பில் போடலாம். 20 லட்சம் என்பது லாபம் அல்ல, போட்ட பில்களின் மொத்தத் தொகை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. பதிவு செய்தபின் வரி 18 சதவீதம்: ஓசூர்க்காரருக்கு 9, 9 என்று இரண்டாகப் பிரியும், கர்நாடகக்காரருக்கு ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும். அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் வேலையில் இருக்கிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறையின் வெப்சைட்டைத் திறப்பவர் ஏதோ ஒரு ஆலையின் பர்ச்சேஸ் அதிகாரி. முகப்பில் கைகுலுக்கும் வெள்ளைக்காரர்கள் படம் அவருக்கு எதற்கு? எத்தனை விஎம்சி மெஷின், டேபிள் அளவு என்ன, எத்தனை மைக்ரான் துல்லியம், அளந்து பார்க்க சிஎம்எம் கருவி உண்டா, வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரச் சான்று எந்தத் தேதிவரை செல்லும்? இவை ஒரே பக்கத்தில் இருந்தால் அவர் போனை எடுப்பார். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை என்றால் தோத்தாபுரியா அல்போன்சாவா, பிரிக்ஸ் (இனிப்பு) அளவு, அசெப்டிக் டிரம்மின் எடை. இதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுத முடியாது. ஷாப் ஃப்ளோருக்குப் போய் நின்று கேட்கவேண்டும். இன்னொன்று: டொமைனை வாடிக்கையாளரான முதலாளி பெயரிலேயே வாங்குங்கள். தன் பெயரில் வைத்துக்கொண்டு பிடி போடுவது தொழில் அல்ல.

அடுத்தது பணம். பட்டறைக்காரருக்கே பெரிய ஆலையிலிருந்து பணம் தாமதமாகத்தான் வரும். சம்பளம், கரண்ட் பில், மெஷின் தவணை எல்லாம் போக, கடைசி வரிசையில் வெப்சைட் செய்தவர் நிற்பார். அதனால் பாதி முன்பணம் வாங்காமல் தொடங்கவேண்டாம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுத் தளமான உத்யமில் குறு நிறுவனமாகப் பதிவு செய்து, அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தந்தாகவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: கெடு தாண்டிய தொகையை வாடிக்கையாளர், அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியும். முதலாளி மறந்தாலும் அவருடைய ஆடிட்டர் மறக்கமாட்டார்.

உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்டு வரும் ஏஜென்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.