கண்ணாடித் தொட்டிச் செடியும் ஊர் ஏரியும்

வீட்டு மீன்தொட்டியில் அழகுக்காக வைக்கும் சிறு செடியால் வேளாண்மைக்கு என்ன கேடு நேரும் என்று கேட்போர் உளர். அவ்வெண்ணம் தவறாகும்.

தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரை, பூவின் அழகு கருதியே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது வயல்களையும் நீர்வழிகளையும் மூடவே, அதனை ஒழிக்க 1936-இல் அங்குச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நம் குளங்களில் இயல்பாய் வளரும் ஹைட்ரில்லாப் பாசியோ, 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவை அடைந்து, அங்கே கால்வாய்களை அடைத்துவிட்டது. ஒடிந்த சிறு துண்டும் வேரூன்றிப் பெருகுவது அதன் இயல்பு.

ஆதலின், அயல்நாட்டு மிதவைச் செடிகளை விலக்கி, இந்நாட்டு நீர்நிலைகளுக்கு உரிய வாலிஸ்நேரியா போன்றவற்றைத் தேர்தலே முறை. நாடா போன்ற இலைகளையுடைய இச்செடியை, கழுவிய மணலை இரண்டு அங்குலம் பரப்பி, வேர் மட்டும் புதையுமாறு நடுதல் வேண்டும்; குருத்து புதைந்தால் அழுகும். மிதமான வெளிச்சம் போதும்.

மிகுந்த செடிகளை வாய்க்காலில் எறியாது, வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடுக. தொட்டி நீரை மரத்தடியில் ஊற்றுக. ஏரியில் பரவிய களையை அகற்றுதல் ஊர் முழுவதற்கும் பெருஞ்செலவு. தொட்டியளவில் தடுத்தல் ஒருவர் கைவேலை. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பது பெரும்பயன் தரும்.