ஏழாம் பக்கம்



திருவண்ணாமலை மலை உச்சியில் பதினொரு நாள் நின்றெரிந்த கார்த்திகை தீபம் குளிர்ந்து, கொப்பரையும் கீழே இறங்கிவிட்டது. தேரடி வீதியில் இப்போது நிதானமாக நடக்க முடிகிறது. மார்கழிக் குளிரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொங்கல் சிறப்பிதழுக்கு நீங்கள் அனுப்பிய கதைகளைப் படிப்பது எனக்கு ஆண்டிலேயே மிகவும் பிடித்த வேலை.

இம்முறை பாதிக் கதைகள் தபாலில் வரவில்லை, வாட்ஸ்அப்பில் வந்தன. கையால் எழுதி, தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவின் கதை அப்படித்தான் வந்தது. பதினோரு பக்கம். முதலில் வந்து விழுந்தது நான்காம் பக்கம், அப்புறம் ஒன்பது, அப்புறம் முதல் பக்கம். பக்க எண் போட்டிருக்கவில்லை. ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் சேர்த்துப் பார்த்து அடுக்கினேன். ஆறு வரைக்கும் தடையில்லாமல் வந்தது. ஆறாம் பக்கத்தின் அடியில் மாமியார் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள். எட்டாம் பக்கத்தில் வீடே அழுதுகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லும் ஏழாம் பக்கத்தைக் காணவில்லை.

போன் செய்தேன். "எல்லாத்தையும் அனுப்பிட்டேனே சார்" என்றார். தேடிப் பார்த்தபோது ஆறாம் பக்கத்தை இரண்டு முறை படம் எடுத்திருக்கிறார், ஏழை எடுக்கவே இல்லை. எழுதிய தாள்களோ மகளோடு பையில் போளூருக்குப் போய்விட்டன.

இந்த மாதம் நான் உங்களோடு பேச நினைத்தது இதைப் பற்றித்தான். பல பக்கம் உள்ள ஒரு காகிதத்தை உதிரிப் படங்களாக இல்லாமல், வரிசை குலையாமல், ஒரே ஃபைலாகச் செல்போனிலேயே ஸ்கேன் செய்து வைப்பது. கதை அனுப்புவதற்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம், தாத்தா எழுதிய கடிதங்கள், பாட்டியின் கைவைத்தியக் குறிப்பு, மருத்துவமனை ரிப்போர்ட் கட்டு எல்லாமே என் மனதில் இருக்கின்றன.

2024 டிசம்பர் முதல் தேதியை நம் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. உயிருக்கு முன்னால் காகிதம் பெரிதில்லை. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு மனிதர்கள் மறுபடி எழுந்து நிற்க வேண்டுமானால் பட்டாவும் பத்திரமும் மதிப்பெண் பட்டியலும் வேண்டியிருக்கிறது. மழை வராத ஆண்டிலும் ராமபாணப் பூச்சியும் கரையானும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன.

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்குக் கலசபாக்கம் பக்கத்திலிருந்து வயதான கூத்து வாத்தியார் ஒருவர் பேத்தியோடு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கர்ண மோட்சக் கூத்து முழுவதும் அதில் இருந்தது. விருத்தம், தருப் பாட்டு, வசனம், கட்டியங்காரன் பேச வேண்டிய இடம் எல்லாம் அவருடைய தகப்பனார் கையெழுத்தில். காப்பியிங் பென்சிலால் எழுதியது. எச்சில் பட்ட இடமெல்லாம் ஊதா நிறம், மற்ற இடங்களில் சாம்பல். விளிம்புகள் அப்பளம்போல் நொறுங்கின.

"ஜெராக்ஸ் கடைல குடுத்தா கவுத்துப் போட்டு அழுத்துவாங்க சார். முதுகு பிஞ்சிடும். எங்க நைனா எழுதினது" என்றார்.

அழுத்தத் தேவையில்லை அய்யா, மேலே இருந்தே எடுத்துவிடலாம் என்றேன். முதலில் பக்கங்களை எண்ணினோம்: 118. ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டோம். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வரும், நம் நிழல் தாளில் விழாது. செல்போனின் ஃபிளாஷை அணைத்துவிட்டோம், அது தாளின் நடுவில் வெள்ளைத் திட்டு போட்டுவிடும். நோட்டின் கீழே கறுப்புத் துணி விரித்தோம். வெள்ளை மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்று செல்போனுக்குத் தெரியாது. தாள் மெல்லியதாக இருந்ததால் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊடுருவித் தெரிந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கறுப்பு அட்டையைச் செருகியதும் அது மறைந்தது. வெள்ளை அட்டை வைத்திருந்தால் இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

பேத்தி பக்கம் புரட்ட, நான் படம் எடுக்க, வேலை நடந்தது. ஆண்ட்ராய்டு செல்போன் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலிக்குள் இருக்கிறது. தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் எடுத்ததும் சேமித்துவிடாமல், "பக்கம் சேர்" என்பதுபோல் பொத்தான் வந்தால் அதைத் தொட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரே முறை சேமித்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பி.டி.எஃப். ஆகிவிடும். உதிரிப் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றுதான். பலர் பக்கத்துக்குப் பக்கம் சேமித்துவிட்டு, பதினோரு ஃபைலை வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வேலை சுத்தமாக வரும். செல்போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் செவ்வகத் தாள் படத்தில் சரிவகமாகத்தான் விழுகிறது. செயலி நான்கு மூலைகளையும் கண்டுபிடித்து, இழுத்து நேராக்குகிறது. மூலை மடங்கியிருந்தால் தடுமாறும், அப்போது நாமே விரலால் மூலைப் புள்ளியை நகர்த்திக் கொடுக்கலாம். கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புள்ளியையும் இது மையா, வெறும் தாளா என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அச்சடித்த தாளுக்கு அது நல்லது. மங்கிய பென்சில் எழுத்துக்கு ஆபத்து. நான் முதல் பக்கத்தை அப்படி எடுத்தபோது நைனாவின் சாம்பல் எழுத்தில் பாதியைக் காணவில்லை, தாள் என்று தள்ளிவிட்டது. வண்ணத்துக்கு மாற்றினேன், எழுத்து திரும்ப வந்தது. பழைய பத்திரங்களுக்கும் வண்ணமே வையுங்கள். முத்திரையின் சிவப்பும் கைநாட்டின் நீலமும் அந்தப் பத்திரத்தின் பகுதிகள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். முத்திரைத்தாள் விற்பனையாளர் குறிப்பும் பதிவு அலுவலகச் சீலும் அங்கே இருக்கலாம்.

வேலை முடிந்தபோது நேரம் மதியம். செயலி 116 பக்கம் என்று காட்டியது. இரண்டு குறைகிறது. எங்கே என்று நானும் அந்தப் பெண்ணும் புரட்டிக்கொண்டிருந்தோம். வாத்தியார் செல்போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து சன்னமான குரலில் பாடத் தொடங்கினார். விரல் நகர்த்தும்போது பக்கம் மாறும், பாட்டு தொடரும். சல்லியன் தேரை விட்டு இறங்கும் இடம் தாண்டிக் குரல் நின்றது.

"இங்க ஒரு தரு இருக்கணும் சார். நேரா வசனத்துக்குப் போவுது."

நோட்டில் அந்த இடத்தைப் பார்த்தோம். இரண்டு தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருந்தன. மெல்ல விலக்கி எடுத்தோம். ஃபைலைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து, நகர்த்தி உரிய இடத்தில் வைத்தோம். அவர் மறுபடி பாடிப் பார்த்துத் தலையசைத்தார். என் அலுவலகத்தில் இதுவரை நடந்த மெய்ப்புத் திருத்தங்களில் அதுதான் மேலானது.

நகலுக்குத் தமிழில் 'படி' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களை அழியவிடாமல் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அவற்றில் இது ஒரு பழங்கல் படி என்று குறித்தும் வைத்தார்கள். உண்மை நகல் என்று நாம் இன்று சீல் குத்துகிறோமே, அதை ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் செய்திருக்கிறார்கள். நம் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளையும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் நூலாகக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனியார் கைவசம் இருந்த பழைய பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நிலக் காகிதங்களையும் தேடிப் படமெடுத்திருக்கிறது. வரலாற்று அறிஞர்கள் தேடி அலைவது உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பது போன்ற காகிதங்களைத்தான்.

ஈழத்தமிழர்களுக்குப் படியெடுத்து வைப்பதன் அருமை நம்மைவிட அதிகம் தெரியும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே படியாக இருந்த ஏடுகளும் அவற்றில் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் அவர்கள் பழைய இதழ்களையும் நூல்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்ததால் தப்பியது நம் ஊரிலேயே ஒன்று உண்டு. 1896-இல் பதினாறு வயதில் இங்கே வந்த ரமணர் பல ஆண்டுகள் அதிகம் பேசாதிருந்தார். 1902-இல் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் கேள்விகள் கேட்டார். பதில்கள் எழுத்தில் வந்தன, மணலிலும் சிலேட்டிலும் தாளிலும். மணல் எழுத்தின் ஆயுள் எவ்வளவு? பிள்ளை அவற்றைக் குறித்து வைத்திருந்ததால்தான் 1923-இல் 'நான் யார்?' அச்சில் வந்தது. பிற்காலத்தில் ரமணர் உதிர்ந்த புத்தகங்களைத் தம் கையாலேயே தைத்து, பசை தடவி, அட்டை போட்டுக் கொடுத்தார். உதிரித் தாள்களை ஒன்றாகச் சேர்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வருகின்றன.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலுக்குப் பெயர் வைக்காமல் விடாதீர்கள். செயலி தானாகப் போடும் நீளமான எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் எதையும் தேட முடியாது. "1974 பாகப்பிரிவினை, அப்பா, 22 பக்கம்" என்று தமிழிலேயே எழுதுங்கள். பக்க எண்ணிக்கையும் பெயரில் இருந்தால் ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கிவிடும், சின்ன எழுத்து குழம்பிவிடும். ஒரு பிரதி செல்போனில் இருந்தால் இன்னொன்று வெளியூரில் இருக்கும் தம்பியிடமோ மகளிடமோ இருக்கட்டும். ஆதார், பத்திரம் போன்றவற்றை ஸ்கேன் செய்யப் பெயர் தெரியாத செயலிகளை நம்பாதீர்கள். எல்லோரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனரையே 2020 ஜூனில் 58 செயலிகளோடு சேர்த்து மத்திய அரசு தடை செய்தது நினைவிருக்கும். ஸ்கேன் இருக்கிறதே என்று மூலப்பத்திரத்தை அலட்சியமாகவும் விட்டுவிடாதீர்கள். மூலம் மூலம்தான். அது தொலைந்துபோனால், பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். அதற்கு மனுப் போட ஆவண எண்ணும் ஆண்டும் வேண்டும். அவை உங்கள் ஸ்கேனில் இருக்கும்.

தை மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜன்னலோர மேசையும் கறுப்புத் துணியும் நம் அலுவலகத்தில் தயாராக இருக்கும். பெட்டிக் காகிதங்களோடு வாருங்கள். தாளை நீங்கள் புரட்டுங்கள், நான் எடுத்துத் தருகிறேன். உங்கள் செல்போனிலேயே எடுப்போம், பிரதி எதுவும் எங்களிடம் தங்காது.

செங்கம் அம்மாவின் மகள் பத்து நாள் கழித்துப் போளூரிலிருந்து ஒரு ஃபைல் அனுப்பினார். பதினோரு பக்கமும் வரிசையாக, மூலையில் எண் போட்டு, ஒன்றாக இருந்தது. மற்றதை விட்டுவிட்டு நேரே ஏழாம் பக்கத்துக்குத்தான் போனேன். அந்த டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். 34-ஆம் பக்கத்தைத் திருப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்